மகன் செலவழித்த 11,840 ரூபாய்: யார் மீது புகார் சொல்வது?

வாசகர் கேள்வி:

"திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். மனைவி செக்கிங் வேலைக்குப் போகிறார். எட்டாவது படிக்கும் மகன் அம்மாவின் போனில் ஒரு துப்பாக்கி விளையாட்டு ஆடி, ஆறு வாரத்தில் 41 தடவையாக 11,840 ரூபாயைத் தீர்த்துவிட்டான். சீட்டுக்குக் கட்ட வைத்திருந்த பணம். தெரிந்த அன்று அடித்துவிட்டேன். 12 நாளாக அவனோடு பேச்சில்லை. இந்தக் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் திருடர்கள். ஆன்லைன் விளையாட்டைத் தடை செய்துவிட்டதாக டி.வி.யில் சொன்னார்களே, பிறகு இது மட்டும் எப்படி ஓடுகிறது? முன்பு பப்ஜியைத் தடை செய்தார்கள், வேறு பேரில் திரும்பி வந்தது. மேலே இருக்கிறவர்கள் எல்லாரும் பங்கு வாங்குகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. போலீசில் புகார் கொடுத்தால் பணம் வருமா? போனை உடைத்துப் போட்டுவிடலாமா?"

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தோடு பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் இணைத்திருந்தீர்கள். அதற்கு முதலில் நன்றி. நுகர்வோர் ஆணையத்தில் வாதாடுகிற என்னைப் போன்றவர்களுக்குக் கோபத்தைவிட ஸ்டேட்மென்ட்தான் வேலைக்கு உதவும். 41 வரிகளையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். 38 தொகைகள் 500 ரூபாய்க்குக் கீழே. ஆயிரத்தைத் தாண்டியவை மூன்றே மூன்று. பெரும்பாலானவை வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் போயிருக்கின்றன. உங்கள் ஊரில் சம்பளம் போடுவது சனிக்கிழமை. அதனால் வீட்டில் பணம் புழங்கும் நாளாகப் பார்த்து எடுத்தான் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. இந்த விளையாட்டுகளில் சலுகை, 'இன்னும் இத்தனை மணி நேரம்தான்' என்று ஓடும் கடிகாரம், புதுச் சட்டை, புதுத் துப்பாக்கி எல்லாம் பெரும்பாலும் வார இறுதியில்தான் வரும். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பிள்ளைகள் அதிகம் ஆடுவார்கள் என்பது கடை விரிக்கிறவர்களுக்குத் தெரியும்.

நீங்கள் சொன்ன 'திருடர்கள்' என்ற வார்த்தையிலிருந்து தொடங்குகிறேன். அந்த வார்த்தை உங்களுக்கே பாதகமாக முடியும். திருட்டு என்றால் யாரோ உங்களுக்குத் தெரியாமல் பணத்தை எடுத்திருக்க வேண்டும். இங்கே உங்கள் மகன் அம்மாவின் யு.பி.ஐ. ரகசிய எண்ணை 41 முறை அழுத்தியிருக்கிறான். காவல் நிலையத்துக்குப் போனால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, பின் நம்பரைப் போட்டது யார் என்பதுதான். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் இருக்கிறது. அது யாரோ ஏமாற்றிப் பணத்தைப் பறித்தால் உடனே அழைக்க வேண்டிய எண். இந்த விஷயத்தில் அந்த வழி உங்களுக்கு உதவாது. போதாததற்கு, புகாரில் குற்றம் செய்தவனாக உங்கள் பிள்ளையின் பெயரை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அது வேண்டாம்.

சரி, கம்பெனி செய்தது என்ன? அந்தக் கடை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அங்கே எதற்கும் ரூபாயில் விலை போட மாட்டார்கள். முதலில் ரூபாயைக் காயினாக மாற்ற வேண்டும். 100 காயின் ஒரு கட்டு என்று வைத்துக்கொள்வோம். பையன் ஆசைப்படும் சட்டை 120 காயின். இரண்டு கட்டு வாங்கினால் 80 மிஞ்சும். அடுத்த பொருள் 110. மிஞ்சிய 80 வீணாகக்கூடாதே என்று இன்னொரு கட்டு. கையில் எப்போதும் எதற்கும் பற்றாத மிச்சம் இருந்துகொண்டே இருக்கும்படி விலையையும் கட்டின் அளவையும் வைக்கிறார்கள். துணிக்கணக்கில் பழகிய கை உங்களுடையது. வெட்டுத்துண்டு ஏன் இத்தனை மிஞ்சுகிறது என்று நீங்கள் உடனே கேட்டிருப்பீர்கள். 13 வயதுப் பையன் கேட்க மாட்டான். அவன் கண்ணுக்குத் தெரிந்தது 11,840 ரூபாய் அல்ல, வண்ணத்தில் மின்னும் ஒரு எண் மட்டுமே.

அதற்கு மேல் சுழல்சக்கரம். காயினைப் போட்டுச் சுற்றினால் எது கிடைக்கும் என்று தெரியாது. வேண்டியது கிடைக்கவில்லை என்றால் மறுபடி சுற்று. திருவிழாக் கடைகளில் வளையம் வீசுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். அங்கே பத்து ரூபாயோடு அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். இங்கே இழுக்க ஆள் இல்லை. கூடவே குழுவில் ஆடும் மற்ற பையன்கள். காசு கொடுத்து வாங்காத, கம்பெனி இலவசமாகத் தரும் உடுப்போடு ஒருவன் உள்ளே வந்தால் கிண்டல் செய்வார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு தாய் சொன்னார், தன் பையன் அழுததே அந்தக் கிண்டலுக்குத்தான் என்று. பணம் போனதற்குப் பிறகுதான் அவருக்கு அது தெரியவந்தது.

இதெல்லாம் என் கற்பனை இல்லை. அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற அரசு அமைப்பு இதைப் பல ஆண்டுகளாகத் தோண்டியெடுத்து வருகிறது. 2014-ல் ஆப்பிள் நிறுவனம், பெற்றோர் அனுமதி இல்லாமல் பிள்ளைகள் வாங்கியவற்றுக்காகக் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அங்கே ஓட்டை எங்கே இருந்தது தெரியுமா? ஒரு தடவை பாஸ்வேர்டு போட்டால் அடுத்த 15 நிமிடம் கேட்காமலே எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். அந்த ஜன்னல் திறந்திருக்கிறது என்று பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. அதே ஆண்டு கூகுளும் 1.9 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் மீதான வழக்குகள் 52 கோடி டாலரில் தீர்ந்தன. அதில் 24.5 கோடி, குழப்பமான பொத்தான்களால் ஏமாந்து வாங்கியவர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் முறையிட்டவர்களின் கணக்கையே அந்தக் கம்பெனி பூட்டியது என்பதும் குற்றச்சாட்டில் இருந்தது. ஐரோப்பாவில் பெல்ஜியம் 2018-லேயே, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசுக்கு விற்கும் பெட்டி சூதாட்டத்தில் சேரும் என்று முடிவெடுத்தது. ஒரு பெரிய கால்பந்து விளையாட்டு அந்த நாட்டில் மட்டும் காயின் விற்பனையை நிறுத்திக்கொண்டது.

இந்த வழக்குகளில் எதிலும் 'கம்பெனிக்காரன் எல்லாம் திருடன்' என்று யாரும் வாதாடவில்லை. இந்தப் பொத்தான் இப்படி வைக்கப்பட்டிருக்கிறது, இந்த 15 நிமிடம் இப்படித் திறந்திருக்கிறது, இத்தனை குடும்பம் இத்தனை பணம் இழந்தது என்று காட்டினார்கள். அப்படிக் காட்டியதால் பணம் திரும்பியது. எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால், அந்தக் கம்பெனிகளுக்கு அதைவிட வசதியான வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார். உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் இதைச் சொல்கிறேன்.

அடுத்து, தடை. இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்லை, படித்தவர்களும் என்னிடம் இதையே கேட்கிறார்கள். மத்தியச் சட்டம், பப்ஜி மீதான உத்தரவு, நம் மாநிலச் சட்டம் என்ற மூன்று வேறு வேறு விஷயங்களைச் செய்தியில் ஒரே வார்த்தையால் சொன்னதால் வந்த குழப்பம் இது.

டி.வி.யில் நீங்கள் பார்த்தது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் இரண்டே நாளில் நிறைவேறி, 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம். அது தடுப்பது, பணம் கட்டி ஆடி, பணம் வெல்லலாம் என்ற எதிர்பார்ப்பு உள்ள விளையாட்டை. ரம்மி, போக்கர், நிஜ வீரர்களை வைத்துப் பணம் கட்டி அமைக்கும் கற்பனை கிரிக்கெட் அணிகள் எல்லாம் அதில் வரும். நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. சட்டம் வந்த கையோடு இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து அப்படி ஒரு கம்பெனியின் பெரிய பெயர் காணாமல் போனதைக் கவனித்திருப்பீர்கள்.

உங்கள் மகன் ஆடியதில் அவனுக்குப் பணம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பே இல்லை. போட்டது போட்டதுதான். சட்டம் கோடு கிழித்த இடம் அதுதான். திரும்பக் கிடைக்கும் என்ற ஆசையில் கட்டும் பணம் கோட்டுக்கு உள்ளே; திரும்பவே வராது என்று தெரிந்து கட்டும் பணம் கோட்டுக்கு வெளியே. சூதாட்டத்தை நிறுத்த நினைத்தவர்களுக்கு அந்தக் கோடு சரியானது. பிள்ளைகளின் கையிலிருந்து சில்லறையாக உருவப்படும் பணத்துக்கு அந்தக் கோடு காவல் இல்லை. இதை ஒரு குறை என்றே நான் கருதுகிறேன். சுழல்சக்கரத்தையாவது 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மூட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பப்ஜி வேறு கதை. 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மற்ற செயலிகளோடு சேர்த்து 118-ஐத் தடை செய்தார்கள். சீன எல்லையில் கல்வான் மோதல் நடந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம் அது. சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு, நம் தரவு வெளிநாட்டு சர்வர்களுக்குப் போவது. பிள்ளைகள் ராத்திரி தூங்காமல் ஆடுகிறார்கள் என்பது அந்த உத்தரவின் காரணம் இல்லை. அதனால்தான் 2021 ஜூலையில் தென்கொரிய நிறுவனம் நேரடியாக வேறு பெயரில் அதைக் கொண்டுவந்தபோது, நம் வீடுகளில் இருந்த கவலை அப்படியே மிச்சம் இருந்தது. 2022-ல் அதையும் எடுத்தார்கள். 2023 மே மாதம் சோதனை முறையில் திரும்ப விட்டபோது, 18 வயதுக்குக் கீழே இருந்தால் நாளைக்கு மூன்று மணி நேரம் என்ற கட்டுப்பாடு இருந்தது. அம்மாவின் போனில் அம்மாவின் கணக்கில் ஆடும் பையனுக்கு அந்த மூன்று மணி நேரத்தை யார் எண்ணுவது?

தென்கொரியாவே இதில் பட்ட அனுபவம் ஒன்று இருக்கிறது. 2011-ல் அங்கே 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஆன்லைனில் ஆடக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். பிள்ளைகள் அப்பா, அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். ஆட்டம் கம்ப்யூட்டரிலிருந்து போனுக்கு நகர்ந்தது. சட்டம் போனைத் தொடவில்லை. பத்து ஆண்டு கழித்து அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். நம் மாநிலத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு 2025-ல் ஆதார் சரிபார்ப்பும், நள்ளிரவு முதல் காலை 5 வரை இடைவெளியும் கொண்டுவந்து, ஜூன் மாதம் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. நல்ல முயற்சிதான். ஆனாலும் வீட்டில் பெரியவரின் எண்ணும் போனும் பிள்ளையின் கையில் இருக்கும் வரை, எந்த அரசும் வாசல் வரைதான் காவல் நிற்க முடியும்.

'எல்லாரும் பங்கு வாங்குகிறார்கள்' என்றீர்கள். உங்கள் 11,840-ல் சரக்கு சேவை வரி உண்டு, செயலிக் கடைக்குக் கமிஷன் உண்டு. அந்த அளவில் நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் சட்டம் மெதுவாக நகர்வதற்கெல்லாம் பங்குதான் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன் தமிழ்நாட்டின் கதையைப் பாருங்கள். 2020 நவம்பரில் ஓர் ஆட்சி ஆன்லைன் ரம்மிக்கு எதிராக அவசரச் சட்டம் கொண்டுவந்து, பிறகு சட்டமாக்கியது. 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்த ஆட்சி நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, அறிக்கை வாங்கி, 2022 அக்டோபரில் மறுபடி கொண்டுவந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். பேரவை மீண்டும் நிறைவேற்றி 2023 ஏப்ரலில் சட்டமானது. அதே ஆண்டு நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று சொல்லி உயர் நீதிமன்றம் அவற்றை விலக்கியது. இதற்கெல்லாம் வேர், ரம்மி திறமை ஆட்டம் என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதில் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் கடன்பட்டு உயிரை விட்டவர்களின் வீடுகளுக்கு இந்த விளக்கம் ஆறுதல் ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எதிரெதிர்க் கட்சிகள் இரண்டும் ஒரே சட்டத்துக்காக மாறி மாறி மல்லுக்கட்டியதை 'பங்கு' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்க முடியாது.

இனி பணம். சில வழிகள் இருக்கின்றன. முழுத் தொகையும் வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

கூகுள் பிளே வழியாகப் பணம் போயிருந்தால் ஒவ்வொரு வாங்குதலுக்கும் உங்கள் மனைவியின் ஜிமெயிலுக்கு ஒரு ரசீது வந்திருக்கும். அதில் 'ஜி.பி.ஏ.' என்று தொடங்கும் ஆர்டர் எண் இருக்கும். 41-ஐயும் தேடி எடுங்கள். குடும்பத்தில் ஒருவர் அனுமதி இல்லாமல் வாங்கிவிட்டார் என்று கூகுளின் ரீஃபண்ட் பக்கத்தில் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் கேட்டால் சுலபம். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். ஆனாலும் கேளுங்கள். மறுத்தால் விளையாட்டுக் கம்பெனிக்கே எழுதுங்கள். அதில் மகனின் வயதையும், அனுமதி இல்லை என்பதையும் குறிப்பிடுங்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதி இல்லாதவர். அவர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே பிரிவி கவுன்சில் (ஆங்கிலேயர் காலத்தில் நமக்கு மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்தது) தீர்ப்பு இருக்கிறது. கணக்கு அம்மாவின் பெயரில் இருக்கிறது, எங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர்கள் பதில் சொல்வார்கள். அந்தப் பதிலில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. அதனால்தான் முழுத்தொகை வரும் என்று நான் சொல்லவில்லை.

அவர்கள் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழில் பேசலாம். 2023 நவம்பர் 30-ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், திரையில் ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியல் போட்டுத் தடுத்திருக்கிறது. 'இன்னும் சில நிமிடம்தான்' என்று பொய்யாக அவசரப்படுத்துவது அதில் முதலாவது. விடாமல் நச்சரிப்பதும் அதில் உண்டு. அந்த விளையாட்டுக் கடையின் திரையைப் படம் எடுத்து வையுங்கள். ஓடும் கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் அதே சலுகை மறுநாள் இருந்தால் அதையும் படம் எடுங்கள். உங்கள் கையில் இருக்கக்கூடிய வலுவான சான்று அதுதான். அதற்கும் மேலே திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

போனை உடைக்காதீர்கள். சான்று எல்லாம் அதில்தான் இருக்கிறது. இன்றே யு.பி.ஐ. பின்னை மாற்றுங்கள். பிளே ஸ்டோரில் சேமித்திருக்கும் பணம் செலுத்தும் வழியை நீக்குங்கள். ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்கும்படி அமைப்பை மாற்றுங்கள். ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்து, வாராவாரம் தானே பணம் எடுக்கும் அனுமதி ஏதாவது கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து ரத்து செய்யுங்கள். இவ்வளவுக்கும் அரை மணி நேரம் போதும்.

நான் மருத்துவர் இல்லை. பையன் சாப்பாடு, தூக்கம், பள்ளி எல்லாவற்றையும் விட்டுவிட்டு மாதக்கணக்கில் அதிலேயே கிடக்கிறான் என்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் பேசுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. பரீட்சை எழுதினான், தங்கையைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொரு விஷயம். கூகுளிடமும் கம்பெனியிடமும் 41 வாங்குதல்களுக்கும் தனித்தனியாகக் காரணம் எழுத வேண்டும்: என்ன வாங்கப்பட்டது, திரையில் என்ன காட்டினார்கள், எதை அழுத்தியதும் பணம் போனது. இது உங்களுக்கும் தெரியாது, உங்கள் மனைவிக்கும் தெரியாது. அந்த வீட்டில் தெரிந்தவன் ஒருவன்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஸ்டேட்மென்ட்டின் முதல் வரியைக் காட்டி, "இது என்னப்பா வாங்கினே?" என்று கேளுங்கள். அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். முடித்ததும் நகலை எனக்கு அனுப்புங்கள், நோட்டீஸ் வாசகத்தை நான் எழுதித் தருகிறேன்.